மூன்று வெற்றுப் பக்கங்களும் அம்மாவின் செவ்வாய்க்கிழமையும்

மைக்கின் முன்னால் பேசாமல் நிற்க எனக்கு வராது. இது என் பிழையில்லை, பரம்பரை வியாதி. என் அப்பா மன்னார் தீவில் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர். கோயில் திருநாள், கலியாண வீடு, செத்த வீடு, உதைபந்தாட்டம், தேர்தல் என்று எதுவாக இருந்தாலும் "ஜொவிற்றா சவுண்ட்ஸ்"தான். அந்த ஜொவிற்றா நான்தான். (பிறந்த அன்று நான் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே எழும்பியதாம். "பேர் வைக்க வேற யோசனையே வரேல்ல" என்பார் அப்பா.)

அப்பாவுக்கு வேதம் ஒன்றுதான். மைக் சும்மா இருக்கக் கூடாது. "சத்தம் நிண்டா சனம் என்ன நினைக்கும் பிள்ளை? செற் பழுது எண்டு நினைக்கும். ஆள் கதைக்காட்டி நாங்கள் கதைக்க வேணும்" என்பார். ஒரு மாதா கோயில் திருநாள் பிரசங்கத்தின் நடுவில் வயதான சுவாமி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குச் சற்று நிறுத்தினார். அவ்வளவுதான். பீடத்துக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் "ஹலோ, ஹலோ, வண், டூ, த்ரீ" என்று கேட்டது. சுவாமி திடுக்கிட்டதில் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அந்த அப்பாவின் இரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தினான்கு வயது. தலை நிறையக் கனம். நாலு பிள்ளைகளுக்கு ஆங்கில டியூசன், இரண்டு தொண்டு நிறுவனங்களுக்கு "கைகளைக் கழுவுங்கள்" துண்டுப்பிரசுரம், ஒரு கடல்தொழில் அறிக்கை. இவ்வளவுதான் நான் அதுவரை செய்தவை. ஆனால் நடையைப் பார்த்தால் நாலு மொழியை இடுப்பில் முடிந்து வைத்திருப்பவள் மாதிரி இருக்கும். கடையில் சீனி வாங்கப் போனாலும் கையில் அகராதி இருக்கும். (யாராவது "என்ன புத்தகம் பிள்ளை?" என்று கேட்க மாட்டார்களா என்ற நப்பாசைதான்.)

அந்த நாட்களில் என்னைப் பைத்தியமாக்கி வைத்திருந்தவர் நிர்மலி. தெற்குக் கரைக்காரி, ஐம்பத்தைந்து வயது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறவர். கைக்குழந்தையோடு தனியாக நின்ற காலத்தில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களையும் விதைப் பக்கெற்றுகளின் பின்பக்கத்தையும் மொழிபெயர்த்துத்தான் சீவித்திருக்கிறார். "இருமலுக்கு இரண்டு கரண்டி" என்று பகலில் எழுதிவிட்டு, பிள்ளை தூங்கும் நேரத்தில் நாவல் எழுதியவர்.

என்ன நாவல் தெரியுமா! முதல் புத்தகத்தில் ஒரு வசனமாவது முடியாது. அந்தப் பெண் ஏதோ சொல்லத் தொடங்குவாள், உடனே யாராவது கூப்பிடுவார்கள். தேத்தண்ணி எங்கே, என் காலுறை எங்கே, பிள்ளை அழுகிறது. இருநூறு பக்கமும் அப்படியே. பத்தாம் பக்கத்தில் எரிச்சல் வந்து கட்டிலில் எறிந்தேன். அந்த நேரம் குசினியில் அம்மா என்னிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார், அப்பா வாசலிலிருந்து "மெற்றில்டா, அந்த சிவப்பு வயரைக் கண்டனியே?" என்றார், அம்மா வசனத்தை விட்டுவிட்டு வயர் தேடப் போனார். நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து விடிய விடிய வாசித்தேன்.

இரண்டாவது புத்தகம் அதைவிட விசர். பக்கத்தின் நடுவில் கொஞ்சம் எழுத்து, சுற்றிவர அகலமான வெற்றிடம். நூறு பிரதியை நூறு பெண்களுக்குக் கொடுத்து, "ஓரத்தில் விருப்பமானதை எழுதுங்கள்" என்றார். எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, தன் எழுத்தை முழுக்க எடுத்துவிட்டு, ஓரங்களை மட்டும் அச்சடித்தார்! பிரெஞ்சுப் பெண்களின் கவிதைகளைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவருடைய புத்தக அட்டைகளில் எழுதியவர் பெயரும் மொழிபெயர்த்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்த அன்று என் நெஞ்சு அடித்த அடியை எப்படிச் சொல்ல! அதுவரை என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது ஸ்பீக்கர் பெட்டிகளில் மட்டும்தான்.

நாலு பக்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்தது. அவர் மன்னாருக்கு வருகிறார், மாதர் சங்க மண்டபத்தில் புதுப் புத்தகத்திலிருந்து வாசிக்கப் போகிறார், நான் பந்தி பந்தியாகத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனால் முழுப் புத்தகத்தின் தமிழும் எனக்குத்தான்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வளவுக் கழுதைகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அப்பா என்னைவிடப் பெரிதாகத் துள்ளினார். "பிள்ளையின்ட கூட்டத்துக்கு செற் இலவசம்" என்று அறிவித்தார். மண்டபத்துக்குள் இரண்டு பெட்டி போதும் என்றேன். "உள்ளுக்கு இருக்கிறவைக்கு மட்டும் கேட்டாக் காணுமே? சந்தைக்கும் கேக்க வேணும்" என்று வெளியே இரண்டு பெரிய ஸ்பீக்கர் குழாயும் கட்டினார். ஒன்று சந்தையைப் பார்த்தபடி, மற்றது பஸ் நிலையத்தைப் பார்த்தபடி.

புத்தகப் பகுதி கணினியில் வந்தது. ஒரு பெண்ணின் ஒரு நாள், மணிக்கு மணி. அச்செடுக்கக் கடைக்குக் கொண்டுபோனேன். பன்னிரண்டு பக்கத்தில் ஏழும் எட்டும் ஒன்பதும் வெறுமையாக வந்தன. கீழே குட்டியாக இலக்கம் மட்டும்.

"அக்கா, மெசின்ல மை முடிஞ்சிட்டுது போல" என்றேன் கடைக்காரியிடம்.

"மற்றப் பக்கமெல்லாம் கறுப்பா வருது, இந்த மூண்டுக்கு மட்டும் மை முடியுமே?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆறாம் பக்கம் "மூன்று மணி. அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்" என்று முடிந்தது. பத்தாம் பக்கம் "ஆறரை மணி. அவள் திரும்பி வந்தாள்" என்று தொடங்கியது. பொருந்துகிறதுதானே என்று விட்டுவிட்டேன். வெறும் தாளை வீணாக்கலாமா என்று அந்த மூன்றிலும் கடினமான சொற்களுக்கு அர்த்தம் எழுதி வைத்தேன். நிர்மலியிடம் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிடுவாரே! கனம் பிடித்த தலை அப்படித்தான் வேலை செய்யும்.

இனி அம்மாவின் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு செவ்வாயும் மூன்று மணிக்கு அம்மா நீலக் குடையோடும் நவநாள் புத்தகத்தோடும் புறப்படுவார். அந்தோனியார் கோயிலில் நவநாள் செபம். ஆறரைக்குத் திரும்புவார். அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம், "என்ட மனுசி செவ்வாய் தவறமாட்டா. அவவின்ட மன்றாட்டாலதான் இந்த அம்பிளிபையர் இவ்வளவு காலம் எரியாமக் கிடக்குது" என்பார்.

எனக்குப் பதினேழு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் டியூசனுக்குக் கள்ளம் போட்டுவிட்டு சிநேகிதிகளோடு பஸ் ஏறித் தலைமன்னார் பழைய பாலத்தடிக்குப் போனேன். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு மனுசி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை நீட்டி, கச்சான் கடலை கொறித்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் நீலக் குடை. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார். இருவருக்கும் முகத்தில் இரத்தம் இல்லை.

முதலில் சுதாரித்தவர் அம்மாதான். "நீ என்னைக் காணேல்ல. நான் உன்னைக் காணேல்ல. விளங்கிச்சோ?" என்றார்.

"ஓம் அம்மா."

"அப்பாட்ட மூச்சு விடப்படாது."

"மாதாவாணை."

அன்றிரவு மெதுவாகக் கேட்டேன். "அங்க போய் என்னம்மா செய்யிறனீங்கள்?" அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "ஒண்டும் செய்யிறதில்லப் பிள்ளை. சும்மா இருக்கிறனான்" என்றார். கிழமையில் அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் ஒருவரும் அவரை "மெற்றில்டா" என்று கூப்பிடுவதில்லை. அப்பா அறிந்தால் அந்த ஒரு மணித்தியாலம் போய்விடும் என்று அம்மா பயந்தார். மாதாவின் பேரில் சத்தியம் செய்தவள் நான். ஏழு வருடம் வாயைத் திறக்கவில்லை. (என் வாழ்நாள் சாதனை அதுதான்.)

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லாம் பெண்கள். முன்வரிசையில் மாதர் சங்கத் தலைவி ஸ்ரெல்லா அக்கா. மூன்றாம் வரிசையில் அம்மாவும் அப்பாவின் தங்கை றெஜினா மாமியும். அம்மாவின் மடியில் நீலக் குடை. மேடைக்கு ஒரு பக்கத்தில் அம்பிளிபையரோடு அப்பா, வெள்ளைச் சேட்டில், மாப்பிள்ளை மாதிரி. அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான் ஆம்பிளை.

நிர்மலி பருத்திச் சேலையும் ரப்பர் செருப்புமாக வந்து இறங்கினார். நான் மேடையில் அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தபோது என் கால் தரையில் படவில்லை, சத்தியமாக. அவர் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசிப்பார், நான் தமிழில் சொல்வேன். நாலு மணிக்கு எழும்புகிற அந்தப் பெண், தண்ணீர் அள்ளி, சமைத்து, மீன் வெட்டி, பாடசாலைக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவதை நான் சொல்லச் சொல்ல, சனம் "ஓமோம்", "எங்கட வீடுதான்" என்று தலையாட்டியது. ஒரு இடத்தில் கைதட்டல்கூட விழுந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்ணைத் துடைத்தார்.

"மூன்று மணி. அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்." சொல்லி முடித்தேன்.

நிர்மலி கண்ணை மூடிக்கொண்டார். வாசிக்கவில்லை.

உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். தண்ணீர்க் கிளாசை மெல்ல அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை. மேலே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் இருமினார். வெளியே கழுதை ஒன்று ஆற அமரக் கத்தி ஓய்ந்தது. இவர் அசைகிற மாதிரி இல்லை.

எங்கள் ஊரில் கூட்டத்தின் நடுவில் ஒரு பேச்சாளர் கண்ணை மூடிக்கொண்டு மௌனமானால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். ஸ்ரெல்லா அக்கா அதைக் கண்டுபிடித்தார். எழும்பி நின்று தலையைக் குனிந்தார். உடனே முன்வரிசை எழும்பியது. அடுத்த வரிசை, அதற்கடுத்தது. கதிரைகள் கிறீச்சிட, முழு மண்டபமும் மௌன அஞ்சலியில் நின்றது.

"ஆர் செத்தது?" என்று றெஜினா மாமியின் குரல் கேட்டது.

"தெரியேல்ல, பேசாம நில்லுங்கோ."

பின்னால் ஒரு வயதான மனுசி "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்று செத்த வீட்டுச் செபத்தைத் தொடங்கியே விட்டார்.

சேசு மரி சூசை! அப்பா பக்கம் பார்த்தேன். அவருக்கு என்னைவிடப் பெரிய பதற்றம். மைக் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். வயரை ஆட்டினார், காதை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்து "கதை, கதை" என்று கையைச் சுழற்றினார். பிறகு இடுப்பிலிருந்த கம்பியில்லா மைக்கை எடுத்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தார். இன்னும் மூன்று விநாடியில் என் தெய்வத்தின் முகத்துக்கு முன்னால் "ஹலோ, ஹலோ, வண், டூ, த்ரீ" என்று சொல்லப் போகிறார். சொன்னால் நான் கடலில் குதிக்க வேண்டியதுதான்.

மைக்கைப் பிடித்தேன். "இருங்கோ, எல்லாரும் இருங்கோ, ஒருத்தரும் சாகேல்ல!" என்றேன். சனம் கதிரையில் இருந்தது. அப்பா படியில் நின்றார். முந்நூறு கண்கள் என்னைப் பார்த்தன. இனி ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? வெளியே போன மனுசி எங்கே போனாள் என்று சொல்ல வேண்டும். மூன்று மணிக்குத் தனியாக வெளியே போகிற பெண் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான்.

வாய் தானாக ஓடியது.

"அவள் கோயிலுக்குப் போகவில்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏறினாள்" என்று தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை என்றேன். நீலக் குடை என்றேன். நவநாள் புத்தகத்தைக் கைப்பையின் அடியில் வைத்தாள் என்றேன். தலைமன்னார் பாலத்தடியில் செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, கச்சானை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கிச் சாப்பிட்டாள் என்றேன். ஒருவரும் கூப்பிடாத இடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தாள், அதற்காக வீட்டில் பொய் சொன்னாள், அந்தப் பொய்யைப் பற்றி அவள் ஒருநாளும் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை என்றும் விளாசினேன். (இந்தக் கடைசித் துண்டு என் கற்பனை. அதுவும் பிறகு பிரச்சினையானது.)

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. பேசப் பேச வெறி ஏறியது. அட, நான் எவ்வளவு நன்றாகச் சொல்கிறேன்! அந்த உற்சாகத்தில்தான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அம்மா நீலக் குடையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

என் வாய் அப்படியே நின்றது.

நிர்மலி கண்ணைத் திறந்து என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சனத்தைப் பார்த்தார். தாளைப் புரட்டி, "ஆறரை மணி. அவள் திரும்பி வந்தாள். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் உலை வைத்தாள்" என்று வாசித்தார். நான் செத்த குரலில் தமிழில் சொன்னேன். மண்டபம் கைதட்டி அதிர்ந்தது.

கேள்வி நேரம் வந்தது. "நீ நடுவில் என்ன சொன்னாய்?" என்று நிர்மலி ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். "பிறகு சொல்கிறேன்" என்றேன்.

ஸ்ரெல்லா அக்கா எழும்பினார். "மிஸ், அந்த மனுசி அங்க போய் என்னதான் செய்யிறவ?"

இதை ஆங்கிலத்தில் கேட்டேன். "ஒன்றுமில்லை. ஒன்றுமே செய்யாமல் இருக்கிறாள். புத்தகமே அதைப் பற்றித்தான்" என்றார் நிர்மலி. "ஒண்டும் செய்யிறதில்லையாம், சும்மா இருக்கிறவவாம்" என்று சொன்னேன். பெண்கள் ஆளை ஆள் பார்த்து "கொடுத்து வைச்சவ!" என்றார்கள்.

இன்னொருவர் கேட்டார். "புருசனுக்குத் தெரியாதோ?"

நிர்மலி சிரித்தார். "அவர் பக்கத்திலேயேதான் இருக்கிறார். சத்தம் நின்றால் மட்டும் திரும்பிப் பார்க்கிறவர்." அதையும் சொன்னேன். மண்டபம் வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அப்பா. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவோடு முடிந்துவிடும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டேன். மாதா கேட்கவில்லை. றெஜினா மாமி கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. செவ்வாய்க்கிழமை. மூண்டு மணி. நீலக் குடை." மாமி மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "மச்சாள், நான் இவ்வளவு காலமும் உங்களை நவநாளில ஒருக்காலும் கண்டதில்ல. கோயில்ல பின் வாங்கில இருக்கிறியள் எண்டு நினைச்சன்."

முந்நூறு கண்களும் மூன்றாம் வரிசைக்குப் போயின. அம்மா எழும்பினார். முகம் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

அப்போதுதான் அப்பா செய்ததைப் பாருங்கள். முப்பது வருடத் தொழில் பழக்கம்! என்ன ஏது என்று யோசிக்காமல், விறுவிறு என்று நடந்துபோய், கம்பியில்லா மைக்கை அம்மாவின் கையில் கொடுத்தார். "வாய்க்குக் கிட்டப் பிடிச்சுக் கதை மெற்றில்டா. பின்னுக்குக் கேக்கேல்ல."

அம்மா மைக்கைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

"ஓம். நான்தான்." வெளியே குழாய்கள் இரண்டும் அதைச் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் சொல்லின. "பதினொரு வருசமாப் போறன். நான் ஒருத்தரிட்டயும் களவெடுக்கேல்ல. ஒருத்தற்ற குடியையும் கெடுக்கேல்ல. சமைச்சு வைச்சிட்டுத்தான் போறனான். கிழமையில ஒரு மணித்தியாலம், ஒருத்தரும் கூப்பிடாம இருக்க எனக்கு ஆசை. அது பிழை எண்டா நிப்பாட்டுறன். ஆனா பாவசங்கீர்த்தனம் பற்றி அவள் சொன்னது பச்சைப் பொய். அதை நான் எப்பவோ சொல்லிப்போட்டன்."

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வாய் திறந்தது, மூடியது. என் வாழ்நாளில் திறந்த மைக்குக்குப் பக்கத்தில் அப்பா பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

"அப்ப எனக்காக வேண்டினது?" என்றார் கடைசியில். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"பஸ்ஸுக்குள்ள வேண்டினனான்" என்றார் அம்மா. "போகேக்க ஒரு செபமாலை. வரேக்க ஒரு செபமாலை. ஒரு நாளும் விடேல்ல."

அப்பா யோசித்தார். அம்பிளிபையரைத் திரும்பிப் பார்த்தார். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப நிப்பாட்ட வேண்டாம்" என்றார். "செற் எரியேல்லத்தானே."

ஐயோ, அந்த மண்டபத்தில் எழும்பிய சத்தம்! ஸ்ரெல்லா அக்கா கதிரையில் ஏறி நின்று கைதட்டினார். நான் மேடையில் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன், சிரித்தேன், எதுவென்று எனக்கே தெரியாது.

பிறகு மண்டபத்தின் பின்பக்கத்தில் நிர்மலியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் முகம் மாறியது.

"மூன்று பக்கங்கள்! அந்த மூன்று பக்கத்தையும் எழுத எனக்கு இரண்டு வருடம் எடுத்தது, தெரியுமா உனக்கு?"

"மிஸ், அதில் ஒன்றும் இல்லையே..."

"அதைத்தான் சொல்கிறேன்!"

தாள்களைக் காட்டச் சொன்னார். நீட்டினேன். ஏழிலும் எட்டிலும் ஒன்பதிலும் என் அர்த்தங்கள் நெருக்கி எழுதியிருந்தன. ஒன்பதின் மூலையில் "உப்பு, மல்லி, பெரிய வெங்காயம்" என்று அம்மா சொன்ன சாமான்களும் இருந்தன. அதை வெகுநேரம் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் அம்மாவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

அம்மா பின்படியில் தேத்தண்ணியோடு இருந்தார். நான் மொழிபெயர்ப்பதற்காக நடுவில் போய் நின்றேன். அம்மா கையை நீட்டி என்னைத் தள்ளினார். "நீ வேண்டாம். நீ கதைச்சது காணும்."

அரை மணித்தியாலம் அவர்கள் இருவரும் தனியாக இருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தேன், பெரும்பாலும் பேசவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

புத்தகம் எனக்குத்தான் கிடைத்தது! ஒப்பந்தத்தில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வரி எனக்கு மட்டும் இருந்தது. "ஏழு, எட்டு, ஒன்பதாம் பக்கங்களில் மொழிபெயர்ப்பாளர் எதுவும் எழுத மாட்டார்." கையெழுத்துப் போட்டேன். அட்டையில் என் பெயர் அவர் பெயரின் அளவிலேயே இருக்கிறது. அப்பா அந்த அட்டையைப் பெரிதாக்கி ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருடைய நாலு புத்தகங்களை மொழிபெயர்த்துவிட்டேன். இப்போதும் வெறும் பக்கம் ஒன்று வந்தால் உடனே கொழும்புக்கு அழைத்து, "மிஸ், இது உண்மையாகவே ஒன்றுமில்லைதானே?" என்று கேட்கிறேன்.

ஆனால் அம்மாவின் செவ்வாய்க்கிழமையை நான் நாசமாக்கித்தான் விட்டேன். நாங்கள் பயந்த மாதிரி அப்பாவால் இல்லை. அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு அம்மா தலை நிமிர்ந்து, குடையை வெளியே பிடித்தபடி பஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே பதினாலு பெண்கள் நின்றார்கள். ஸ்ரெல்லா அக்கா, றெஜினா மாமி, அச்சுக் கடைக்காரி என்று ஆளுக்கொரு குடை.

"நாங்களும் சும்மா இருக்க வாறம் அக்கா" என்றார்களாம்.

பாலத்தடியில் பதினாலு பேரும் காலை நீட்டிக்கொண்டு, "மெற்றில்டா, கச்சான் இருக்கோ? மெற்றில்டா, அங்க பாரன், மெற்றில்டா, உன்ட மனுசன் என்ன சொன்னவர்?" என்று ஒரு மணித்தியாலமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். அம்மா வீட்டுக்கு வந்து குடையை என் காலடியில் எறிந்தார். "சந்தோசமே?" என்றார். மூன்று நாள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஒளித்துத் திரிந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் படை இன்றும் போகிறது. இப்போது வாடகைக்கு ஒரு வானே பிடித்துக்கொண்டு போகிறார்கள். தீவுக்கு வெளியே கட்டுக்கரைக் குளத்தடியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். அம்மாதான் தலைவி, அதனால் தவற முடியாது. அவர் அதைத் தண்டனை என்றே சொல்கிறார்.

ஆனால் சில காலமாக வியாழக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு அம்மா வீட்டில் இருப்பதில்லை. ஐந்து மணிக்குத் திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். செருப்பில் கடல் மண் இல்லை, சேற்று மண். எங்கே போகிறார் என்று அப்பாவுக்குத் தெரியும். என் கணவருக்குத் தெரியும். என் ஏழு வயது மகளுக்குக்கூடத் தெரியும், ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறார். எனக்கு மட்டும் தெரியாது.

போன கிழமையும் அப்பாவிடம் கெஞ்சிக் கேட்டுப் பார்த்தேன். அம்பிளிபையரைத் துடைத்துக்கொண்டே, "உனக்குச் சொல்லுறதெண்டா நான் நேர குழாயிலயே சொல்லிப்போடலாம் பிள்ளை" என்றார்.